வைப்பர் தீவில் ஒரு முற்பகல்

நமது தமக்கையார் குடும்பத்தோடு வாழ்வது அந்தமானில், ஹேடோ என்னும் பகுதியில். கரக்பூரிலிருந்து அங்கே செல்வதில் நமக்கு ஒரு குறை உண்டு. இரயில்வே எழுத்தருக்கு இலவசப் பயணச்சீட்டு உண்டுதான். ஆனால் இருப்புப் பாதையே இல்லாத ஊருக்கு அது எதற்கு உதவும்? 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் கைப்பணம் செலவிட்டுக் கொல்கத்தாவில் கப்பலேறினோம். நான்காம் நாள், தலை சுற்றல் தீராமலே ஹேடோ கப்பல்துறையில் இறங்கினோம். போர்ட் பிளேர் என்று அன்று வழங்கிய அந்நகர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது.

செல்லுலார் சிறையைக் கண்டோம். அதைப் பற்றி எழுதாதார் இல்லை. நாமும் எழுதிக் காகிதத்தை வீணாக்குவானேன்? மறுநாள் அத்தான், "மாப்பிள்ளை, அதற்கும் மூத்த சிறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் போகலாமா?" என்றார். புகைப்படம் எடுப்பதில் நமக்குள்ள பித்தை அவர் அறிவார்.

துறைமுகத்தின் உட்பகுதியிலே கிடக்கும் சிறு தீவு வைப்பர். 1789இல் பிளேர் என்பார் வந்த கப்பலின் பெயரே தீவுக்கு ஆயிற்று. படகு புறப்பட்டதும் கைப்பேசியை எடுத்தோம். கடற்படையினரின் கப்பல்கள் கண்ணிற்பட, "இங்கே படம் எடுக்க வேண்டா" என்று படகோட்டி தடுத்தார். நல்ல பிள்ளையாய்ப் பையில் போட்டுக்கொண்டோம்.

1857 கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சு 10ஆம் நாள், 200 கைதிகளோடு வாக்கர் என்னும் வைத்தியர் இத்துறைமுகத்துக்கு வந்து தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். கட்டுக்கடங்காதார் என்று கருதப்பட்டோரைப் பூட்டிவைக்க 1864 முதல் 1867 வரை வைப்பரில் சிறை எழுந்தது. 'சங்கிலிச் சிறை' என்பது அதன் வழக்குப் பெயர். பகலில் விலங்கோடு வேலை. இரவில் ஒரே நீண்ட சங்கிலியை ஒவ்வொருவர் விலங்கிலும் கோத்துவிடுவர். ஒருவன் புரண்டு படுத்தால் வரிசை முழுவதும் விழிக்கும். அரசப் பிரதிநிதி மேயோ பிரபுவை 1872 பிப்ரவரி 8 அன்று ஹோப்டவுன் துறையில் குத்திக் கொன்ற ஷேர் அலி, மார்ச்சு 11இல் தூக்கிலிடப்பட்டதும் இத்தீவிலேதான். 1906இல் செல்லுலார் சிறை முடிந்ததும் வைப்பருக்கு வேலை குறைந்தது.

குன்றின்மேல் செங்கற் கட்டடம், அதனுள் தூக்குமரம். சுற்றிலும் இடிந்த சுவர்களும் செடி கொடிகளும். மற்றொரு சமயமாயின் 'என்ன அழகிய பாழ்!' என்றே சொல்லியிருப்போம். உண்மையை மறைப்பானேன், அன்றும் ஓடி ஓடி நாற்பது படங்கள் எடுத்தோம். செங்கல்லின் நிறமும் அதன்மேல் விழுந்த வெயிலும் அப்படி மயக்கின. அத்தான் மட்டும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டிருந்தார். நாம் கழற்றவில்லை.

மாலையில் தமக்கையார் வீட்டுத் திண்ணையில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது அண்டை வீட்டு மூதாட்டியார் வந்து அமர்ந்தார். தண்டனை பெற்று வந்தோர் வழிவந்த குடும்பம். பேச்சு இந்துஸ்தானி, அக்காள் தமிழில் சொன்னார். நாம் மெச்சிய படங்களையெல்லாம் அம்மையார் விரைந்து தள்ளிவிட்டார். உள்ளிருந்து வாயில் வழியே கடலை நோக்கி எடுத்த ஒரு படம் இருந்தது. இருண்டுவிட்டது என்று நாம் அழிக்க இருந்த படம். அதில் அவர் கண் நின்றது. "இந்த வாயில் எந்தத் திசை பார்த்தது?" என்றார். நாம் கவனிக்கவில்லை. அத்தானுக்கும் தெரியவில்லை.

அவருடைய கொள்ளுப்பாட்டனார் வைப்பரில் அந்தச் சங்கிலியில் கிடந்தவராம். ஆண்டுகள் பல கழிந்தபின் நிலம் பயிரிடவும் மணம் செய்யவும் இசைவு பெற்றார். மணந்த பெண்ணும் ஒரு கைதியே. அக்காலத்தில் சாதியும் மொழியும் நாடும் பாராமல் இப்படித்தான் இத்தீவுகளில் குடும்பங்கள் தோன்றின. "அந்தப் பாட்டி மதராசி என்பார்கள். அவ்வளவுதான் தெரியும்" என்ற அம்மையார், சிறிது நேரம் பேசாமலிருந்து நம்மைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் ஊராய் இருக்குமோ?"

என்ன விடை சொல்வது? சென்னை மாகாணம் எவ்வளவு பெரியது என்று நிலப்படம் போட்டு விளக்கவா? ஆந்திரமும் மலையாளமும் அதில் அடங்கியிருந்தனவே! "இருக்கலாம், அம்மா" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. போகும்போது அந்த இருண்ட படத்தைத் தமக்கு ஒரு பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார். செல்லுலார் சிறையில் விடுதலைப் போராட்ட வீரர்தம் பெயர்களைச் சலவைக்கல்லில் பொறித்திருக்கிறார்கள், மிகவும் நன்று. சங்கிலியில் கிடந்த சாதாரணக் கைதிக்குப் பெயர்ப்பலகை ஏதும் வைப்பரில் நம் கண்ணிற் படவில்லை.

அவர் போனதும் அக்காள் மகனை அழைத்தோம். பதினொரு வயது, ஹேடோவில் பிறந்தவன். "தம்பி, நம் சொந்த ஊர் எது?" என்றோம். "சென்னை" என்றான் தயங்காமல். கப்பல் அங்கிருந்து வருகிறதல்லவா! அக்காள் தலையைக் குனிந்துகொண்டார். நாம் கோபிக்கவில்லை, கரக்பூரில் நம் மகளைக் கேட்டால் என்ன சொல்வாளோ?

பாட்டனார் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அதன் பின்புறத்தில் அவனையே எழுதச் சொன்னோம்: பாட்டனார் பெயர், சிற்றூர், வட்டம் முதுகுளத்தூர், மாவட்டம் இராமநாதபுரம். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். முதுகுளத்தூரில் 'த்' விட்டுப்போயிற்று. அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னோம்.