மணிமங்கலத்து நண்டு கடலுக்குப் போகிறதா?

"பெசன்ட் நகர் மணல்ல ஓடுதே, அது நம்ம ஏரி நண்டுதான்பா. கலங்கல் போனா அடையாத்துல பூந்து கடலுக்குப் பூடும். உப்புத் தண்ணில ஊறி வெளுத்துடும். நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

மணிமங்கலத்தில் காலமெல்லாம் நெல் பயிரிட்ட மாமா சொன்னது இது. ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் எனக்கு நண்டு என்றால் குழம்புதான். ஆனாலும் பேச்சு மனசில் தங்கிவிட்டது. காரணம், மாமாவின் பூகோளம் சரி. அடையாறு மணிமங்கலம் பக்கத்து மலைப்பட்டு ஏரியில் தொடங்கி, 42 கி.மீ. சொச்சம் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் விழுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரியெல்லாம் அந்த வழியாகத்தான் போனது. நண்டு மட்டும் ஏன் போயிருக்கக் கூடாது?

லீவு கிடைத்த விடியற்காலைகளில் முகத்துவாரத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்குள்ள உடைந்த பாலத்துக்குத் தெற்கே மணல் முழுக்க வளைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பக்கமாக ஈர மணல் வாரி இறைத்திருக்கும். அசையாமல் உட்கார வேண்டும். முதலில் காம்பு மேல் நிமிர்ந்த இரண்டு கண்கள் வரும், சுற்றிலும் பார்க்கும். பிறகு உடம்பு. ஒரு பக்கக் கால்களால் மணலை மார்போடு அணைத்து ஏறி வந்து, வாசலைத் தாண்டி வீசிவிட்டு உள்ளே போய்விடும். வளர்ந்தவை செம்மஞ்சள் நிறம். குட்டிகள் மணல் நிறமே. ஓடி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. ஓசிபோடே என்கிற பேரினம். கொடுக்குகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மணலை அள்ளி வாயில் போட்டு, மக்கிய துணுக்கையும் பாசியையும் எடுத்துக்கொண்டு, மணலை உருண்டையாக்கித் தள்ளும். செத்த மீன் கிடைத்தால் அதுவும் ஆகும். பங்குனி வாக்கில் ஆமைக் குஞ்சு பொரிந்து கடலை நோக்கி நடந்தால் அதையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பார்க்கத்தான் சாது.

இதைக் கடல் நண்டு என்கிறோம். கடலுக்குள் அமுக்கி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மூச்சுக்குக் காற்று வேண்டும், அதே சமயம் செவுள் நனைந்தும் இருக்க வேண்டும். அதனால்தான் வளை ஈர மணலை எட்டும்வரை, சில இடங்களில் ஒரு மீட்டருக்கு மேலும், இறங்குகிறது. கால் இடுக்கில் இருக்கும் மயிர்க்கற்றை ஈர மணலிலிருந்து தண்ணீரை உறிஞ்சிச் செவுளுக்கு அனுப்புகிறது. வெயில் ஏறினால் வாசலை மணலால் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிடும்.

இத்தனையும் பார்த்தபின் மாமாவின் கட்சி பலமானது போலத்தான் தோன்றியது. ஏரி நண்டும் கோடையில் கரை வளைக்குள் ஈரம் தேடி இறங்குகிறதே! வழக்கைத் தீர்த்தது முட்டை. கடற்கரைப் பெண் நண்டு வயிற்று மடலுக்குள் முட்டைகளைச் சுமந்து வந்து அலையில் உதறுகிறது. பொரிந்து வருவது நண்டு உருவமே இல்லாத, முள் நீட்டிய சிறு மிதவை. வாரக்கணக்கில் கடலில் மிதந்து, தோல் உரித்து உரித்து உருமாறித்தான் கரையேறும். பெசன்ட் நகரில் வளை தோண்டுகிற நண்டு எந்த ஊர்க் கரையில் உதறிய முட்டையோ!

ஏரியிலும் வயலிலும் இருக்கும் நண்டுக்கு இந்தக் கடல் பருவமே கிடையாது. அத்தை ரசத்துக்கு நண்டு இடிக்கும்முன் மடலை நிமிர்த்திப் பார்ப்பார். சிலதில் எள்ளளவு குட்டிகள், கொடுக்கு முதல் கால் வரை முழு நண்டாகவே, தாயோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். "புள்ளத்தாச்சிய போட்டுட்டு வாடா" என்று வாய்க்காலுக்கு அனுப்பிவிடுவார். இரண்டும் வேறு வேறு குடும்பம். உறவு தேடினால் மாமா சொன்னதைத் திருப்பிப் போட வேண்டும்: நன்னீர் நண்டுகளின் மூதாதைதான் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலை விட்டு வந்தது.

தேடலில் தற்செயலாக இன்னொன்றும் கிடைத்தது. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அடுத்த பத்தாண்டுக்குள் ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளை ஆராய்ந்தார். அங்கே செடிகளின் அச்சோடு கடல் சிப்பிகளும் பதிந்திருந்தன. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல். கார் கம்பெனிகளின் அஸ்திவாரம் அதன் மேல்தான் நிற்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அப்போ கடலு இங்கதான இருந்துச்சு, நான் சொன்னது சரிதான்" என்றார். அவரோடு வாதாட முடியாது.

வாதம் எப்படியோ, அந்தக் கடல் பருவத்தால் ஒரு வித்தியாசம் உண்டு. கடற்கரையில் ஓரிடத்தில் நண்டு அற்றுப்போனாலும், வேறு கரையின் குஞ்சுகளை அலை கொண்டுவந்து சேர்க்க வழியுண்டு. ஒரகடத்துச் சிற்றேரியில் கிராவல் கொட்டி ஷெட் போட்டால், கரை வளைக்குள் இருந்தவற்றோடு சரி. பக்கத்து ஏரி நண்டு நடந்துதான் வர வேண்டும். நடுவில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலை கிடக்கிறது.