பட்டனை அமுக்கினால் போதாது

என் பணி ஓய்வு விழாவில் ஒரு இளம் டாக்டர், "சிஸ்டர் தலையணை அடுக்குவதில் கெட்டிக்காரர்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நெஞ்சக நோய் வார்டிலேயே காலம் தள்ளியவளுக்கு அது பாராட்டாகப் படவில்லை.

மூச்சுத் திணறுகிறவரைச் சாய்ந்து உட்கார வைக்கும் ஃபௌலர் நிலை என்றால் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்குவது என்றே இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். பட்டனை அமுக்கி 45 டிகிரி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் நோயாளி சறுக்கிக் கீழே வந்திருப்பார். கட்டில் மடிகிற இடம் இடுப்புக்கு நேராக இல்லாமல் நடுமுதுகுக்கு வந்துவிடும். வயிறு மடிந்து நசுங்கும். உதரவிதானம் இறங்க இடமிருக்காது. கேஸ் ஷீட்டில் மட்டும் ஃபௌலர் அப்படியே இருக்கும்.

எனக்குக் கற்றுத்தந்த ஹெட் நர்ஸ் எந்தக் கட்டிலருகே போனாலும் முதலில் மடிப்புக்கும் இடுப்புக்கும் நடுவே கையை விட்டுப் பார்ப்பார். கை நுழைந்தால் தொலைந்தோம். "மறுபடி தூக்கு!" அக்குளைப் பிடித்து இழுக்கக் கூடாது, இரண்டு பேர் சேர்ந்து, அடியில் விரித்த டிரா ஷீட்டோடு தூக்க வேண்டும். முதலில் முழங்காலை உயர்த்தி, பிறகுதான் தலைப்பக்கம். தலையணை முதுகெலும்போடு நெடுக்காகப் போக வேண்டும். கைகளுக்கும் ஒவ்வொன்று, இல்லாவிட்டால் கைகளின் பாரத்தைத் தோள் சுமக்கும். இரவு 2 மணிக்கும் இதே சோதனைதான். அழுதிருக்கிறேன்.

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காரர் சாயவே மாட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கார்டியாக் டேபிள் எனும் கட்டில் மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்திருப்பார். நெஞ்சு உப்பித் தட்டையாகிப்போன உதரவிதானத்தை, குனியும்போது வயிறு கீழிருந்து தாங்கி வளைவு கொடுக்கிறது. கை ஊன்றியிருப்பதால் தோள், மார்புத் தசைகளும் மூச்சிழுக்கக் கைகொடுக்கின்றன. அவராகக் கண்டுபிடித்த வித்தை அது. அவரைப் போய், "சாய்ந்து படுங்க ஐயா" என்று மல்லுக்கட்டுகிறார்கள்.

ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது, ஒருபக்க நிமோனியாவில் நல்ல நுரையீரல் கீழே. ரத்தம் கக்குகிறவருக்கு ரத்தம் வரும் பக்கம் கீழே. இதைக்கூடக் கேட்டுக்கேட்டுத்தான் செய்கிறார்கள். கொரோனாவில் குப்புறப் படுக்க வைத்ததை ஏதோ புது அதிசயம் போலப் பேசினார்கள். வென்டிலேட்டரில் இருந்த கடும் ஏஆர்டிஎஸ் (தீவிர மூச்சுத்திணறல் நோய்க்குறி) நோயாளிகளைத் தினம் 16 மணி நேரமாவது குப்புறப் போட்டதில், 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்ததென்று பிரெஞ்சு ஆய்வு வந்தது 2013-லேயே.

மோட்டார் கட்டில் வந்ததும் கார்டியாக் டேபிள்கள் ஸ்டோருக்குப் போய்விட்டன. மிஞ்சியவற்றில் ரிஜிஸ்டர் அடுக்கியிருக்கிறார்கள். நோயாளி மடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு திணறுகிறார். ஏன் என்று கேட்டால், "ஆக்சிஜன் கூட்டியிருக்கோம் சிஸ்டர்" என்கிறார்கள். சிஓபிடிக்கு ரத்த ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் போதும் என்று படித்தவர்கள்தான், மானிட்டரில் 98 பார்த்துத் திருப்தியோடு நகர்கிறார்கள்.