கிளவுட் சொன்ன பொய்யும் நான் சொன்ன பொய்யும்

ஃபைனல் ஃபேண்டசி 7 பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் அதற்கு வக்காலத்து வாங்குவேன். அதில் குறையே கிடையாது என்று பல ஆண்டுகள் சாதித்திருக்கிறேன். விளையாட்டின் மேல் இருந்த பிரியம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இப்போதுதான் எழுதுகிறேன். அந்தக் கதையின் நடுவில் ஒரு பொய்யன் இருக்கிறான். கதை அவனை மன்னித்துவிடுகிறது. அந்த மன்னிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

1997 ஜனவரியில் ஸ்குவேர் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டு அது. அதுவரை நிண்டெண்டோவுக்கே இந்த வரிசையைச் செய்துவந்தவர்கள், இவ்வளவு பெரிய கதையும் அசைபடமும் அடங்க சிடி வேண்டும் என்பதற்காகச் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மாறினார்கள். அப்படியும் மூன்று சிடி ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலப் பதிப்பு அமெரிக்காவில் வந்தது. மலேசியாவின் தெலுக் இந்தானில் எங்கள் கைக்குக் கிடைத்தது கள்ள சிடி. சிப் பொருத்திய பிளேஸ்டேஷனும் கள்ள சிடியும் இல்லையென்றால் தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

டவுனிலிருந்து தள்ளி, செம்பனைத் தோட்டத்தில் எங்கள் லயம். எதிர் லயத்தில் என் நண்பன். அவன் அண்ணன் ஈப்போவில் வேலை செய்து பிளேஸ்டேஷன் வாங்கி வந்திருந்தார். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே மண்டோரின் கீழ் குலை வெட்டியவர்கள். அவன் வீட்டு முன்னறையில் தரையில் உட்கார்ந்து, ஆங்கில வசனத்தை அவன் தமிழில் சொல்லச் சொல்ல, பொத்தானை நான் அழுத்துவேன்.

கதாநாயகன் கிளவுட், சோல்ஜர் என்ற சிறப்புப் படையில் முதல் வகுப்பு வீரனாக இருந்ததாகச் சொல்லிக்கொள்பவன். மிட்கார் நகரத்தைவிட்டு வெளியேறியதும், கால்ம் என்ற சிற்றூரின் விடுதியில், ஐந்து வருடத்துக்கு முன் தன் சொந்த ஊரான நிபெல்ஹைமில் நடந்ததைத் தோழர்களுக்குச் சொல்கிறான். சோல்ஜரின் புகழ்பெற்ற வீரன் செஃபிரோத்தோடு சரிசமமாக ஊருக்குள் வந்தது, அம்மாவைப் பார்த்தது, ஊர் எரிந்தது. அவன் சொல்லும் அந்த நினைவுக்குள் கிளவுட்டை நடத்திக் கூட்டிப்போவது விளையாடுகிற நாம்தான். திரைப்படத்தில் ஒரு பாத்திரம் பொய் சொன்னால் பார்த்துக்கொண்டு இருப்போம். இங்கே பொய்க்குள் நாமே நடந்து, நாமே கதவு திறந்து, நாமே சண்டை போடுகிறோம். விளையாட்டு என்ற வடிவத்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். கிடாசேயும் நோஜிமாவும் எழுதிய திரைக்கதையில் எனக்கு இன்றும் மலைப்பைத் தருவது இந்த இடம்தான். அதே விடுதியில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்கிறாள் டிஃபா, அவன் ஊர்க்காரி. அவன் சொல்வது பொருந்தவில்லை என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

உண்மை இரண்டாம் சிடியில், மிடீல் என்ற ஊரில் வெளியாகிறது. கிளவுட் சோல்ஜரில் சேரவே இல்லை. ஷின்ரா நிறுவனத்தின் சாதாரணக் காவலாள். முதல் வகுப்பு வீரனாக ஊருக்கு வந்தவன் ஸாக் என்ற நண்பன். வீரனாகத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போன கிளவுட், டிஃபா முன்னால் காவலாளாக நிற்க வெட்கப்பட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொந்த ஊருக்குள் நடந்திருக்கிறான். திரும்ப விளையாடினால், முதலில் நாம் கண்டுகொள்ளாத அந்தக் காவலாள் தொடக்கத்திலிருந்தே படத்தில் இருப்பது தெரியும்.

நானும் அதைச் செய்தேன். கோலாலம்பூரில் பல்கலைக்கழகம் சேர்ந்த முதல் வாரம், எந்த ஊர் என்று கேட்டார்கள். "தெலுக் இந்தான் டவுன், சாய்ந்த கோபுரம் பக்கத்துல வீடு" என்றேன். 1885இல் லியோங் சூன் சோங் கட்டிய கோபுரம். மலேசியாவில் அதை அறியாதவர் குறைவு. மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள் என்றுதான் அதைச் சொன்னேன். அப்பாவுக்கு லாரி நிறுவனத்தில் மேற்பார்வை வேலை என்றும் சேர்த்துக்கொண்டேன். என் நண்பனும் அங்கேதான் படித்தான். அப்போது பக்கத்திலேயே நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு நான் செய்த கைம்மாறு, அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மெல்லக் குறைத்தது.

படிப்பு முடியும் ஆண்டில் அவன் அப்பா இறந்துபோனார். வகுப்பு நண்பர்கள் வேன் பிடித்துக் கிளம்பினார்கள். போனால் எதிர் லயத்திலிருந்து என் அம்மா வந்து என் கையைப் பிடிப்பார். நான் போகவில்லை. ராத்திரி அப்பா போன் செய்தார்: "ஏன்யா வரல? எடுக்கற வரைக்கும் உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்." சோதனை இருந்தது என்றேன். என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர், இறந்துபோன அந்த மனிதர்.

இதற்குப் பிறகு பல வருடம் ஃபைனல் ஃபேண்டசி 7இன் பெருமையைப் பேசினேன். கிளவுட்டைப் பாருங்கள், இதுதானே மனித இயல்பு என்று பேசுவேன். மொழிபெயர்ப்புப் பிழைகளை யாராவது சுட்டினால் கோபம் வரும். மந்திர சக்தி தரும் மட்டீரியா கற்களை மாற்றிப் போட்டால் யாரும் யாராகவும் ஆகிவிடலாம், அதனால் சண்டையில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தேய்ந்துபோகிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளவுட்டின் தோழி ஏரிஸ் இறந்த துக்கம் ஆறுவதற்குள் பனிச்சறுக்கு விளையாட்டு வந்துவிடுவதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிப்பேன். இவை உண்மையான குறைகள்; ஆனாலும் சிறியவை.

பெரிய குறை கிளவுட்டுக்குக் கிடைக்கும் மன்னிப்பில் இருக்கிறது. ஹோஜோ என்ற விஞ்ஞானி அவனை அடைத்துவைத்துச் செய்த சோதனைகளால் நினைவு குழம்பிப்போனது. ஸாக்கின் வாழ்க்கையைத் தன்னுடையது என்று அவன் நம்பிவிட்டான். ஆக, கால்மில் சொன்ன பொய் அவனுக்கே பொய் என்று தெரியாது. சரி. ஆனால் தலைக்கவசம்? அதை மாட்டிக்கொண்டு நின்றபோது அவன் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அந்த வெட்கத்தை, அவனே தெரிந்து செய்த அந்த ஒளிவை, கதை பெரிய பொய்யோடு சேர்த்துக் கழுவிவிடுகிறது. டிஃபாவின் மௌனம் அவளை என்ன பாடுபடுத்தியது என்பதிலும் அதிக நேரம் நிற்பதில்லை. தோழர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், வானூர்தி கிளம்புகிறது. எனக்கு ஹோஜோ யாரும் கிடையாது. இருந்தும் கிளவுட்டின் நோயை என் பொய்க்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

சரியான ஒப்புதல் அதே விளையாட்டின் முதல் சிடியிலேயே இருக்கிறது. கோரல், நிலக்கரி வெட்டிப் பிழைத்த ஊர். ஷின்ராவின் மின் உலை வந்தால் வாழ்வு வரும் என்று ஊரைச் சம்மதிக்கவைத்தவர்களில் கிளவுட்டின் தோழன் பேரட்டும் ஒருவன். பிறகு ஷின்ரா ஆட்களே ஊரை எரித்தார்கள்; அவன் மனைவியும் போனாள். மீந்தவர்கள் குடிசை போட்டுக் கிடக்கும் இடத்துக்குப் பேரட் திரும்பி வரும்போது ஊர்க்காரன் ஒருவன் அவனை அறைகிறான். ஒரு கை துப்பாக்கியாக இருப்பவன், திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொள்கிறான். அதன் பிறகுதான் தோழர்களிடம் நடந்ததைச் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல உரிமை உள்ளவர்கள் முகத்தில் முதலில் விழித்துவிடுகிறான். என் நண்பன் அந்த வசனங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுத்த இடமான தங்கத் தட்டு கேளிக்கை அரங்குக்குப் போகும் அவசரத்தில் நான் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

போன தீபாவளிக்கு அவனை ஈப்போவில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை.

"தெரியும்டா. வேன்ல நீ இல்லன்னதுமே தெரிஞ்சிருச்சு. அம்மாதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உங்கப்பா சோதனைன்னு சொன்னாரு, நானும் ஆமான்னு சொல்லிட்டேன். அதுதான்டா எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. எங்கப்பா படுத்திருக்காரு, அன்னிக்கு அம்மாகிட்ட பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவன் அம்மா இப்போது அவனோடுதான் இருக்கிறார். அன்று சமையலறையிலிருந்து எனக்குத் தோசை கொண்டுவந்து வைத்தார். பரீட்சை இருந்ததால்தான் நான் வரவில்லை என்று இன்றுவரை நம்புகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.