பிரிபடாத பாகம்

"லிஃப்டில் நாய்களுக்கு அனுமதி இல்லை" என்று எங்கள் அசோசியேஷன் பலகை மாட்டியபோது மணிக்கு 14 வயது. பின்னங்கால்கள் தளர்ந்திருந்தன. எங்கள் வீடு நான்காவது மாடியில். 18 கிலோவைத் தினமும் மூன்று முறை தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

பிறகு தேடிப் படித்தேன். பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது, லிஃப்டையும் மறுக்கக் கூடாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். அப்படித் தடைசெய்யும் பைலா செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டையும் பிரிண்ட் எடுத்துக் கூட்டத்தில் நீட்டினேன். பலகையைக் கழற்றிவிட்டார்கள். ஜெயிச்சாச்சு.

மறுநாள் இறங்கும்போது இரண்டாவது மாடியில் லிஃப்ட் நின்றது. வெளியே மூட்டுவலிக்கார அம்மா ஒருவர். மணியைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"நீங்க போங்க தம்பி. சின்ன வயசுல ஒரு நாய் கடிச்சிருச்சு. நான் படியிலயே இறங்கிக்கிறேன்."

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று வரும். நிலத்தில் எனக்குப் பங்குண்டு. ஆனால் இந்த இடம்தான் என்னுடையது என்று கோடு போட முடியாது. லிஃப்டும் அப்படித்தான். கூட்டத்தில் நான் என் பங்கை மட்டும்தான் வாசித்திருந்தேன்.

மணியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீங்க முதல்ல போங்கம்மா. நாங்க அடுத்ததுல வர்றோம்."