சும்மா கிடக்கிற காணி

எங்கள் ஊரில் சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாங்கள் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து "அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்கிற பொம்பிளைகள்" என்றொரு கதை ஊரில் அடிபடுகிறது. 2007இல் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது எங்களுக்குக் கிடைத்த முதல் வெளிச்சமே ஒரு சின்னச் சோலர் விளக்குத்தான். பகலில் வெயிலில் வைத்தால் இரவில் சில மணித்தியாலம் எரியும். என் மூத்த மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். பாம்புப் பயமும் வேறு பயங்களும் இருந்த காலம் அது. ஆண் துணையில்லாத வீட்டில் இரவில் ஒரு விளக்கு எரிவதன் பெறுமதியை இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே 2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு வாகனத்தில் வந்த மூன்று பேர் குளத்துக்கு மேற்கே இருக்கும் மேட்டுக் காணியை அளந்தபோது நாங்கள் கோபப்படவில்லை. தண்ணீர் கொடுத்தோம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டோம். சோலர் பனல் போட்டுக் கரன்ற் எடுக்கப் போகிறோம் என்றார்கள். அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சும்மா கிடக்கிற காணிதானே அம்மா" என்றார்.

அந்தக் காணி சும்மா கிடப்பதில்லை. எங்கள் கிராமத்தில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களில் அரைவாசிக்கு மேல் பெண்கள் தலைமையில் நடப்பவை. எனக்கு நான்கு பசு. வயல் விதைத்ததும் மாடுகளை வயல்வெளியில் விட முடியாது. பயிர் நிற்கும் அந்த மாதங்களில் அவை நிற்பதற்கு இருக்கும் ஒரே இடம் அந்த மேடுதான். கோடையில் விறகு அங்கிருந்து வருகிறது. ஈச்சோலை அங்கே. பாலைப்பழமும் சூரைப்பழமும் பிள்ளைகளுக்கு அங்கே. குளத்தின் அலைகரையில் பன் வெட்டிப் பாய் இழைக்கும் என் மச்சாள் போகும் ஒற்றையடிப் பாதை அதற்குள்ளால்தான் போகிறது. இவை ஒன்றுக்கும் பற்றுச்சீட்டு இல்லை, உறுதி இல்லை, பேமிற் இல்லை. பெண்கள் செய்யும் வேலைக்கும் அது நடக்கும் இடத்துக்கும் தாளில் பெயர் இருப்பது குறைவு. இது எங்களுக்குப் புதிதல்ல.

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினோம். யாரிடம் போவது என்பதே முதல் கேள்வி. சூரிய மின்சாரத் திட்டத்துக்கு இடம் எது என்று முடிவெடுப்பது ஒரு கந்தோர் அல்ல. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபைதான் திட்டத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. முதலில் ஒரு தற்காலிக அங்கீகாரம். அதன்பிறகு திட்டக்காரர் மற்றக் கந்தோர்களின் சம்மதங்களைத் தேடிக் கொண்டுபோக வேண்டும். அரச காணி என்றால் பிரதேச செயலகம். கட்டுமானம் என்றால் பிரதேச சபை. நகர அபிவிருத்தி அதிகாரசபை பிரகடனம் செய்த பகுதி என்றால் அதன் அபிவிருத்தி அனுமதியும் வேண்டும். வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது. எழுத்துமூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்பவோ அதில் கட்டவோ கூடாது. காடு என்றால் வனத் திணைக்களம்.

இப்படிப் பார்த்தால் கேள்வி கேட்க நிறையப் பேர் இருப்பது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கந்தோரும் தன்னுடைய கேள்வியை மட்டும் கேட்கும். வயல் உத்தியோகத்தர் வயலா என்று பார்ப்பார். வன உத்தியோகத்தர் காடா என்று பார்ப்பார். இரண்டும் இல்லையென்றால் இருவரும் ஆட்சேபனை இல்லை என்று எழுதிவிடலாம். இந்த ஊரில் பனல் போட நல்ல இடம் எது, போடக்கூடாத இடம் எது என்று ஊரையே ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் வேலை எங்கள் பக்கத்தில் நடக்கவில்லை. ஆகவே ஒரு காணிக்குத் தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் கொடுத்தோம். இது கஷ்டமான வேலை இல்லை, சகோதரிகளே. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிரதி கிடைத்தது. 10 மெகாவாட், 48 ஏக்கர். காணியின் தற்போதைய பயன்பாடு என்ற கூட்டில் "பயன்பாடற்ற பற்றைக் காணி" என்று தட்டச்சு செய்திருந்தது.

அந்த இரண்டு மூன்று சொற்களின் கனம் பிறகுதான் விளங்கியது. சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு என்றொரு அறிக்கை இருக்கிறது. அது வேண்டும் என்று வந்தால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். எந்தெந்தத் திட்டங்களுக்கு இது வேண்டும் என்று 1993இல் வெளியான வர்த்தமானியில் ஒரு பட்டியல் உண்டு. அதன்படி 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றினால் வேண்டும். காணியைத் துப்புரவாக்குவது மட்டும் என்றால் 50 ஹெக்டேயரைத் தாண்ட வேண்டும். எங்கள் 48 ஏக்கர் 20 ஹெக்டேயர்கூட இல்லை. காடு என்று எழுதினால் எங்களைக் கேட்க வேண்டும். பற்றை என்று எழுதினால் அந்தப் பட்டியலின்படி கேட்கத் தேவையில்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் போகும் என்கிறார்கள். 10 மெகாவாட் திட்டங்கள் நாலு அடுத்தடுத்து வந்தாலும் தனித்தனியே பார்த்தால் ஒன்றும் அந்த எல்லையைத் தொடாது.

அப்படியானால் காடு என்றே எழுதச் சொல்வோம் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். வயதில் மூத்த பெரியம்மா ஒருவர் உடனே மறித்தார். "காடெண்டு எழுதினா நாளைக்கு வந்து கல்லுப் போடுவாங்கள். பிறகு விறகு பொறுக்கப் போனா வழக்கு." அவர் சொன்னதும் சரி. வடக்கிலும் கிழக்கிலும் திரும்பி வந்த சனங்களின் காணிகளுக்குள் எல்லைக்கல் விழுந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். பற்றை என்றால் கொம்பனிக்கு, காடு என்றால் திணைக்களத்துக்கு. எங்களுக்கு என்று எழுத ஒரு சொல் வேண்டியிருந்தது. அன்றிரவு ஒன்பது மணி வரை இருந்து பேசி "மேய்ச்சல் தரை" என்ற சொல்லுக்கு வந்தோம்.

அதுவும் இலேசான சொல் அல்ல. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தொடங்கி எத்தனையோ நாட்கள் தெருவோரத்தில் இருந்தது தங்கள் மேய்ச்சல் தரைக்காகத்தான். அங்கே பிரச்சினை வேறு, சோலர் இல்லை. ஆனாலும் பல தலைமுறையாக மாடு மேய்ந்த இடம் தாளில் அப்படிப் பதியப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதும்.

காணியின் பெயர் மாறுவது பற்றிச் சொல்ல எங்கள் மாவட்டத்தில் சம்பூரைவிட வேறு இடம் இல்லை. கிளிவெட்டி முகாமில் சம்பூர்ப் பெண்களும் எங்களோடு இருந்தார்கள். நாங்கள் 2007இல் திரும்பிவிட்டோம். அவர்களில் பலர் 2015, 2016 வரை காத்திருந்தார்கள். அவர்களுடைய ஊர் 2007 மே மாதம் வர்த்தமானியில் அதியுயர் பாதுகாப்பு வலயமானது. 2012இல் 818 ஏக்கர் கைத்தொழில் வலயம் என்றானது. இன்னொரு 500 ஏக்கரளவு நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதம் அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி இரத்தானது. 2016 செப்ரெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையம் என்றார்கள். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் மோடி கொழும்புக்கு வந்தபோது அதன் வேலைகள் தொடக்கி வைக்கப்பட்டன. நிலக்கரிப் புகையைவிடச் சோலர் எவ்வளவோ மேல். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் முகாமில் என் பக்கத்துக் கொட்டிலில் இருந்த அக்கா தன் ஊரின் புதுப் பெயரை ஒவ்வொரு முறையும் பேப்பர் பார்த்துத்தான் அறிந்தார். 2025இல் முத்துநகரிலும் தாங்கள் செய்துவந்த வயல்கள் சோலருக்குப் போவதை எதிர்த்து விவசாயிகள் திருகோணமலை நகரில் வந்து இருந்தார்கள். பனல் சத்தம் போடாது, புகை விடாது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், நிறைய இடம்.

எங்கள் கடிதத்தில் நாங்கள் திட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் கூரைகளைப் பாருங்கள் என்று எழுதினோம். பாடசாலை, நெற்களஞ்சியம், பிரதேச சபைக் கட்டடம் எல்லாவற்றுக்கும் பெரிய கூரைகள் இருக்கின்றன. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற பெயரில் கூரைச் சோலர் திட்டம் வந்தது. பட்டணத்து வீடுகள் அதில் நன்றாகப் பயன்பட்டன. எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் இல்லை. பனலும் இயந்திரமும் வாங்கக் கடன் யார் தருவார்? நிலத்தில்தான் போட வேண்டும் என்றால் குளத்தின் அலைகரையிலிருந்து தள்ளிப் போடுங்கள். மாடு போகவும் ஆள் போகவும் வேலிக்கு நடுவே பாதை விடுங்கள். மண்ணை முழுவதும் வழித்தெடுக்காதீர்கள். வழித்தால் மாரியில் அவ்வளவு சேறும் குளத்துக்குள் வரும். மகள் போனில் தேடி இன்னொரு விடயம் சொன்னாள். அமெரிக்காவில் உள்ளூராட்சி அமைப்புகள் பல, எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றனவாம். காலம் முடிந்தபின் பனலைக் கழற்றி நிலத்தைத் திருத்துவதற்குரிய பணத்துக்கும் முற்கூட்டியே பிணை வாங்குகிறார்களாம். ஜப்பானிலும் பல நகரசபைகள் மலைச்சரிவுகளில் பனல் போடுவதைத் துணைவிதி போட்டுக் கட்டுப்படுத்தியிருக்கின்றன. வேறு சில நாடுகளில் பனலுக்குக் கீழே செம்மறி மேய்கிறது. எங்கள் பசு அதற்குக் கொஞ்சம் உயரம்தான்!

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் எங்கள் சபைகளுக்கும் துணைவிதி ஆக்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தபின் 2025 மே மாதத் தேர்தல் வரை பேசுவதற்கு உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். 25 வீத ஒதுக்கீட்டால் சபைக்குப் போன பெண் உறுப்பினர் ஒருவரைச் சந்தித்தோம். முழுக் கடிதத்தையும் இருந்து வாசித்தார். "இதைச் சபையில் பிரேரணையாக வைக்கலாம், ஆனால் காணியைக் கொடுப்பது நாங்கள் இல்லை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கடிதத்தோடு ஒரு பட்டியலும் இணைத்தோம். எந்த வீட்டில் எத்தனை மாடு, எந்த மாதம் மேட்டில் நிற்கும், விறகு யாருக்கு, பன் யாருக்கு, பாதை எங்கே. 41 குடும்பங்கள். சிலர் கையெழுத்து, சிலர் பெருவிரல். இரண்டு பேர் போட மறுத்தார்கள். அவர்களுடைய மகன்மாருக்குக் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. அந்த வேலையும் ஒரு வீட்டுக்குச் சோறுதான்.

இப்போது பிரதேச செயலகத்திலிருந்து கள ஆய்வுக்கு வருவதாக அறிவித்திருக்கிறார்கள். திகதி இன்னும் தரவில்லை. நாங்கள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறோம். அந்நேரம் மாடுகள் எல்லாம் மேட்டில் வெளியாக நிற்கும். பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் அவை நிழலுக்குப் பற்றைக்குள் போய்ப் படுத்துவிடும். வருகிறவர்களின் கண்ணுக்குப் பற்றை மட்டும்தான் தெரியும்.