நான் எழுதிய தீர்ப்பு

உழவர்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நண்பர்கள் சிலர் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். பேச்சு, 2014 மார்ச் 8-ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்டு மறைந்த மலேசிய விமானத்தின்பால் திரும்பிற்று. அதில் இருந்தோர் 239 பேர். தீப்பிடித்திருக்கும் என்றார் ஒருவர். கடத்தியிருப்பார்கள் என்றார் மற்றொருவர். "விமானியே செய்திருப்பார்" என்றேன் நான்.

வீடு திரும்பியபின் அச்சொல் நெஞ்சை உறுத்திற்று. நாம் அறிந்தவைதாம் எவ்வளவு? விமானம் வழிமாறி மேற்கே திரும்பியது. ராடார் நிலையங்கள் அதனை இழந்த பின்னரும் பல மணி நேரம் அதன் கருவி செயற்கைக்கோளுடன் தொடர்பு கொண்டிருந்தது. 2015 ஜூலையில் ரியூனியன் தீவில் அதன் இறக்கைப் பகுதியொன்று கரையொதுங்கிற்று. நம் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது! 2018-இல் வெளியான மலேசிய விசாரணை அறிக்கை, விமானம் கையால் இயக்கித் திருப்பப்பட்டிருக்கக்கூடும் என்றது. வேறொருவரின் தலையீட்டையும் ஒதுக்கிவிடவில்லை. காரணத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்றே அது முடிந்தது.

ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் தயங்கி நின்ற இடத்தில், தேநீர் ஆறுவதற்குள் நான் தீர்ப்பெழுதிவிட்டேன். மறுமொழி கூற அந்த விமானி வரப்போவதில்லை. ஆனால் அவருக்கும் குடும்பம் உண்டு. ஊகத்துக்கு அஞ்சச் சொன்ன மார்க்கத்தில் பிறந்தவனல்லவா நான்? மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

அடுத்த வெள்ளியன்று அதே நண்பர்களிடம் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.