சேவருக்கு என்ன நடந்தது?

கணனித் துறையில் வேலை தேடும் எம்மவர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, எந்தக் கோர்ஸ் படிச்சால் கெதியா வேலை எடுக்கலாம்?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் வேலை கிடைத்த பிறகு, அநேகமாக முதல் சில மாதங்களுக்குள், ஒரு காலையில் யாரோ ஒருவர் "டேற்றாபேஸ் செத்துப்போச்சு" என்று கத்துவார். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை எழுதலாம். கணனி வேலை செய்யாதவர்களும் வாசியுங்கள். பழி யார் தலையில் விழும் என்ற விசயமும் இதற்குள் இருக்கிறது.

அஜின்கோர்ட்டில், மிட்லண்ட் வீதிக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் கணனிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் பெயர் இங்கு தேவையில்லை. கடைகளில் இருந்து வரும் ஓடர்கள் எல்லாம் ஒரு சேவரில் உள்ள தரவுத்தளத்தில் பதிவாகின்றன. எந்தப் பெட்டி எந்தத் தட்டில், எந்த லொறியில் ஏற வேண்டும் என்பது அதற்குத்தான் தெரியும். அது நின்றால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டு வின்ரருக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை காலை அதுதான் நடந்தது. நான் போகும்போதே சுப்பர்வைசர் குற்றவாளியைக் கண்டுபிடித்து விட்டார். ஓடர் பதிகிற எங்கள் தம்பி ஒருவர். வந்து எட்டு மாதம். ஏஜென்சி மூலம் வேலை, அகதி வழக்கும் முடியவில்லை. முதல்நாள் பின்னேரம் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, வயரைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். அது போதாதா? ஏஜென்சிக்கு ஒரு ரெலிபோன் போனால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. ஆளின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை."

"தெரியும். நீர் நேற்று எத்தனை மணிக்குப் போனீர்?"

"அஞ்சு மணிக்கு. கார்ட் அடிச்சிட்டுத்தான் போனனான்."

"சரி, வாரும். பாப்பம்."

முதலில் கேட்க வேண்டியது, ஒருவருக்கு வேலை செய்யவில்லையா, எல்லோருக்குமா என்பது. தம்பியின் வயரில் பிழை என்றால் தம்பியின் கணனி மட்டும் நிற்க வேண்டும். இங்கு எல்லாக் கணனியும் நின்றன. இதைச் சுப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

இரண்டாவது, திரையில் வரும் ஆங்கில வசனத்தை முழுதாக வாசிப்பது. எம்மவர் பலர் சிவப்பு எழுத்தைக் கண்டதும் மூடிவிடுவார்கள். அதில்தான் பாதி விடை கிடக்கும். "ரைம்ட் அவுட்" என்றால் தட்டித் தட்டிப் பார்த்தும் பதிலே இல்லை. வழியில் தடை, அல்லது அந்த வீடே இல்லை. "றிஃபியூஸ்ட்" என்றால் வீடு இருக்கிறது, ஆனால் நீங்கள் தட்டிய கதவில் ஆள் இல்லை. "லொகின் ஃபெயில்ட்" என்றால் கதவு திறந்துவிட்டது, ஆளை அடையாளம் தெரியவில்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. கதவுக்கு ஒவ்வொன்றும் ஒரு இலக்கம் வைத்திருக்கும். மைக்றோசொஃப்ட் எஸ்.கியூ.எல். சேவருக்கு வழக்கமாக 1433, ஒராக்கிளுக்கு 1521, மை எஸ்.கியூ.எல்லுக்கு 3306, போஸ்ற்கிறெஸ்ஸுக்கு 5432. இவற்றைப் பாடமாக்கி வைப்பது நல்லது. இன்ரவியூவிலும் கேட்பார்கள்.

எங்களுக்கு வந்தது "றிஃபியூஸ்ட்". வீடு இருக்கிறதா என்று பார்க்க 'பிங்' அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "பாத்தியா, மெசின் நல்லாத்தான் இருக்கு, டேற்றாபேஸ்தான் செத்துப்போச்சு" என்ற பொருளில் சுப்பர்வைசர் தலையை ஆட்டினார். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் சேவரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவார்கள். அப்படிச் செய்தால் தடயமும் போய்விடும்.

நான் சேவர் இருக்கும் அறைக்குப் போய், அதன் சொந்தத் திரையிலேயே கேள்வி கேட்டுப் பார்த்தேன். முதல்நாள் ஓடர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. தரவுத்தளத்துக்கு ஒரு காய்ச்சலும் இல்லை. பிறகு சேவரின் நெற்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு, வெளியே இருந்த தம்பியிடம், "இப்ப பிங் பண்ணிப் பாரும்" என்றேன்.

"பதில் வருது அண்ணை."

"வயர் என்ர கையில கிடக்கு."

கொஞ்ச நேரம் அவரிடம் இருந்து சத்தமே இல்லை. பிறகு, "அப்ப பதில் சொல்லுறது ஆர்?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டவர் இந்தத் துறைக்கு ஏற்றவர் என்று அப்போதே நினைத்தேன்.

சேவரின் இலக்கத்தை வைத்துக்கொண்டு கட்டிடத்துக்குள் இன்னொரு பெட்டி இருந்தது. ஒரே விலாசத்தில் இரண்டு வீடு இருந்தால் தபாற்காரர் என்ன செய்வார்? கணனிகள் எல்லாம் அந்தப் புதுப் பெட்டியின் கதவைத் தட்டின. அதனிடம் 1433 என்ற கதவே இல்லை. ஆகவே "றிஃபியூஸ்ட்". கணனியில் 'ஏ.ஆர்.பி.' என்ற கட்டளையைக் கொடுத்தால், அந்த விலாசத்துக்கு உண்மையில் எந்தக் கருவி பதில் சொல்கிறது என்று அதன் வன்பொருள் இலக்கத்தைக் காட்டும். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கப்படும் பன்னிரண்டு எழுத்து இலக்கம் அது. அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு நானும் தம்பியும் பெட்டி பெட்டியாக ஸ்ரிக்கரைப் பார்த்துக்கொண்டு போனோம். ஸ்ரோர் அறையில், மேல் தட்டில், முதல்நாள் இரவு பூட்டிய புதுக் காமெராப் பெட்டி. பூட்டிய ஆள் தன் பாட்டுக்கு ஒரு இலக்கத்தை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

விண்டோஸ் இப்படியான மோதலைத் தன் குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதி வைக்கும். திறந்து பார்த்தோம். புதன்கிழமை பின்னேரம் 6.42. தம்பியின் கார்ட்டில் 5.03. இரண்டையும் பிரதி எடுத்துச் சுப்பர்வைசரின் மேசையில் வைத்தேன். காமெராவுக்கு வேறு இலக்கம் கொடுத்து, கணனிகளின் பழைய ஞாபகத்தை அழித்ததும் எல்லாம் ஓடத் தொடங்கியது. பதினொரு மணி லொறி பத்து நிமிடம் பிந்திப் போனது. சுப்பர்வைசர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏஜென்சிக்கு ரெலிபோனும் எடுக்கவில்லை.

சின்ன இடத்தில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலை 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, றோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் விழுந்தது. 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். இன்ரறக் டெபிற் நின்றது. 911ஐ எடுக்க முடியாமல் பலர் தவித்தார்கள். விடியப்புறம் நடந்த மேம்படுத்தல் வேலையில் ஒரு வடிகட்டியை அகற்றிவிட்டார்கள். கட்டுக்கடங்காத வழித் தகவல்கள் மைய றவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய்ந்து அவற்றை விழுத்திவிட்டன. பழுதைப் பார்க்கப் போகும் வழியும் அதே வலையமைப்புக்குள்தான் இருந்தது. பொறியியலாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவும் வழி இல்லை, அவர்களுடைய ரெலிபோனும் அதே நிறுவனத்தினது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 14 மணி நேரம் போனது. இலக்கங்களைக் கடதாசியில் எழுதி லாச்சியில் வைக்கும் என் பழக்கத்தைப் பார்த்து என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

2023 ஒக்ரோபர் 28இல் ரொறன்ரோ நூலகங்களுக்கு நடந்தது வேறு வகை. அது வெளியில் இருந்து வந்த தாக்குதல். பொனிஸ் அவெனியூவில் உள்ள எங்கள் அஜின்கோர்ட் நூலகமும் அதற்குள் அடக்கம். கதவு திறந்திருந்தது, புத்தகமும் இருந்தது, ஆனால் பட்டியல் இல்லை. திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் பதிய முடியாமல் லொறிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள். வழமைக்குத் திரும்ப மாதக் கணக்காயிற்று. நூலகக் கணனியை நம்பி வேலைக்கு விண்ணப்பம் போட்ட புதுக் குடும்பங்களுக்கு அந்த வின்ரர் எப்படிப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். போஸ்ற்கிறெஸ் இலவசம். பழைய கணனி இரண்டு போதும். ஒன்றில் அதை நிறுவிவிட்டு மற்றதில் இருந்து தொடர்பு கொள்ளப் பாருங்கள். முதலில் முடியாது, ஏனென்றால் நிறுவியவுடன் அது தன் சொந்த வீட்டுக் குரலுக்கு மட்டும்தான் காது கொடுக்கும். ஏன் முடியவில்லை என்று கண்டுபிடியுங்கள். பிறகு வேண்டுமென்றே வயரைக் கழற்றுங்கள், இலக்கத்தை மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் திரையில் என்ன எழுதுகிறது என்று கொப்பியில் எழுதுங்கள். ஆனால் அந்தக் கதவை இன்ரநெற் பக்கம் திறந்து விடாதீர்கள். 2003 ஜனவரியில் 'ஸ்லாமர்' என்ற புழு, எஸ்.கியூ.எல். சேவரின் 1434ஆம் கதவால் புகுந்து, பத்து நிமிடத்துக்குள் பல்லாயிரம் கணனிகளைப் பிடித்தது. அதன் முழு உடம்பும் 376 பைற்தான்.

தம்பி இப்போது வேறு இடத்தில் நிரந்தர வேலையில் இருக்கிறார். கணனி வேலை இல்லை, கணக்குப் பகுதி. ஆனால் பேஸ்மென்றில் இரண்டு பழைய பெட்டிகளை வைத்துக்கொண்டு கிடக்கிறார். போன சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு ரெலிபோன். "அண்ணை, 5432 திறந்திருக்கு, ஆனால் உள்ளுக்கு விடுதில்லை."

"என்ன எழுதுது? முழுசா வாசியும்" என்றேன்.